வெறுங்கை படைக்கலமா?

விளையாட்டு வினாவாகத் தோன்றினும், ஆராயுங்கால் இஃது அறத்தைத் தொடுவதாகும்.

1974இல் அமெரிக்கராகிய கேரி கைகாக்சும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டை ஜார்ஜ் டவுன் மாணவர் சிலர் ஆடக் கண்டுள்ளேன். ஆடுவோர் தம்மை வீரராகப் பாவித்துக் கதை நடத்துவர். அடி பட்டதா என்பதைப் பகடை கூறும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பு வெறுங்கைக் குத்தைப் படைக்கலப் பட்டியலில் சேர்த்தது. பின்வந்த திருத்தம் அதனை நீக்கியது. ஆயினும் அக்குத்து ‘படைக்கலத் தாக்கு’ என்னும் வகையுள் அடங்கியதாம். ‘படைக்கலத்தால் தாக்குதல்’ ஆகவில்லையாம்! வேற்றுமைத்தொகை விரித்துப் பழகிய நம் மாணவர்க்கு இச்சிக்கல் புதிதன்று.

சொல் இருபொருள் தருதல் குற்றமன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்குச் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் மாறுபட உரை கண்டனர். அதனால் எவர்க்கும் களத்தில் வெற்றி தோல்வி இல்லை. இவ்விளையாட்டிலோ விதிக்குப் பொருளுரைக்கும் நடுவரே பகைவரையும் இயக்குகிறார். ஆகவே பகடை உருளுமுன்னரே அவர் பொருளை உரைத்துவிடல் வேண்டும். விடைத்தாள் திருத்தும் நமக்கும் இது பொருந்தும். மாணவன் பெயரைக் கண்டபின் ஐயவினாவுக்குப் பொருள் தேடுதல் தகுமோ?

பாரதத்தில், கதைப்போரில் நாபிக்குக் கீழ் அடித்தல் நெறியன்று. வீமன் துரியோதனன் தொடையை முறித்தபோது, இருவர்க்கும் கதை பயிற்றிய பலராமன் வெகுண்டெழுந்தான். வீமனது சபதத்தைக் காட்டி நியாயம் உரைத்த கண்ணனோ ஒருபக்கத்துத் தேரோட்டி. அச்சபதம் சூதவையில் பலரறியச் செய்ததே. எனினும் அது போர்நெறிக்கு விலக்கு என்பதை இருதரப்பும் ஒப்பியதில்லை. பலராமன் அமைதியுறாமலே துவாரகைக்குத் திரும்பினான்.