கொடுத்த கண்ணும் எடுத்த கண்ணும்

சிபிச் சக்கரவர்த்தி புறாவுக்காகத் தம் தசையை அரிந்து கொடுத்த கதையைத் தமிழர் யாவரும் அறிவர். பௌத்த ஜாதகக் கதையிலோ, அவர் குருட்டு அந்தணர் ஒருவருக்குத் தம் இரு கண்களையும் வைத்தியரைக் கொண்டு எடுத்து அளிக்கிறார். அது தானம், கண்ணும் அவருடையது, மனமும் அவருடையது. இன்று மனிதரின் முதுமைக் கண்ணோய்க்கு மருந்து காணும் பொருட்டு எலியின் கண்ணைக் கெடுக்கிறோமே, அது தானமாகுமா?

நான் புனேயில் 20 ஆண்டுகள் ஆலைத் தறி ஓட்டியவன். அறுந்த இழையை எட்ட நின்றே கண்ட என் கண்ணில் இப்போது புரை படர்கிறது. ஆகவே, ஆதாயம் பெறுவோரில் நானும் ஒருவன்.

செய்வது யாதெனில், பிறந்து ஏறக்குறைய 10 நாளே ஆன, கண் திறவாத எலிக்குஞ்சுக்குச் சோடியம் செலினைட்டை ஊசியால் செலுத்துவர். சில நாட்களில் கண்வில்லை வெளுத்துவிடும். 1978-இல் வெளிவந்த இம்முறையைத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தாரும் கையாண்டு, புரையைத் தடுக்கும் பொருள்களைத் தேடினர். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு மஞ்சள் கலந்த தீனி அளித்ததில் புரை முற்றுவது தாமதமாயிற்று என 2005-இல் வெளியிட்டனர். இவற்றை வீண் என்று இகழ்வது நேர்மையன்று.

ஆயினும் உண்மை முழுவதையும் சொல்லவேண்டும். மனிதனுக்குப் பல்லாண்டுகளில் வருவதை எலிக்குச் சில நாட்களில் வருவிக்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. முதியோரின் நடுப்பார்வையை அழிக்கும் நோய் தாக்குவது விழித்திரையின் மாகுலா என்னும் பகுதியை. எலிக்கு அப்பகுதியே இல்லை. புரையை நீக்கும் சத்திர சிகிச்சையோ முன்பே உண்டு. 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அதை ஏழைகளுக்கும் கொண்டு சேர்க்க இயலும் எனக் காட்டிற்று. புரையால் ஒளியிழந்த ஏழை முதியோர் பலருக்குக் குறையாயிருப்பது மருந்தன்று. அழைத்துச் செல்லும் கை.

"அப்படியானால் எலி ஆய்வே கூடாதா?" என வினவலாம். இதில் முதற் சீலத்தை மட்டும் பேசுவோர் பலர். நான் இரண்டாவதை நினைக்கிறேன். கொடாததை எடுக்கலாகாது என்பது அது. எலி எதையும் கொடுக்கவில்லை. அதைத் தியாகம் என்றழைத்து நாம் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாகாது. எடுத்தது கடன். கடன்பட்டவன் கணக்கு வைக்கவேண்டும்: வேறு வழி உண்டா? எண்ணிக்கை குறையுமா? வலி தணியுமா? 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் வகுத்தவையும் இம்மூன்றே. நம் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், இயலுமிடத்தெல்லாம் பிராணி ஆய்வைத் தவிர்க்கச் சொல்கிறது. புனே பல்கலைக்கழக வளாகத்திலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம், குடுவையில் வளரும் உயிரணுக்களை ஆய்வாளர்க்கு வழங்குகிறது. அவற்றைக் கொண்டே அறியக்கூடியதை அறிய ஒரு குஞ்சின் கண்ணைக் கெடுத்தால், அது கடனும் அன்று, களவே.

என் புரை நீங்கும் நாளில், பார்வை மங்கிய மற்றொருவரையேனும் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வேன். அது வட்டிக்கும் போதாது. ஆயினும், கடன் என்று ஒப்புக்கொண்டவன் அங்கிருந்துதானே தொடங்கவேண்டும்?