பயப்படுகிறவன் குற்றவாளியா?

களத்தை விட்டு ஓடுகிற சிப்பாயைக் கோழை என்கிறோம். நான் அவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்லமாட்டேன். 1749 ஆகஸ்ட் 3-ல், ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காக ஆம்பூரில் நடந்த சண்டையில், யானைமேல் இருந்த அன்வருதீன் குண்டடிபட்டு மாண்டார். சேனை சிதறிப்போச்சு. மகன் முகமது அலியே திருச்சிக்கு ஓடினார். தலைவன் விழுந்தபின் கூலிச் சிப்பாய் யாருக்காக நிற்பான்?

ஆனாலும் நடுக்களத்தில் ஓடுகிறவன் பக்கத்தில் நிற்கிறவனுடைய காவலையும் எடுத்துப்போகிறான். அதுதான் கேடு. கிதியோன் யுத்தத்துக்கு முன்னமே பயந்தவர்களைத் திரும்பிப்போகச் சொன்னான். 22,000 பேர் போனார்கள். நம்ம போடிமெட்டு மலைக்கு ஜீப் கிளம்புமுன் இறங்கிக்கொள்கிறவனால் யாருக்கும் மோசமில்லை. கொண்டை ஊசி வளைவில் குதிக்கிறவனோ எல்லாரையும் கலங்கடிப்பான். பயம் குற்றமல்ல, மறைத்துவைத்த பயமே அடுத்தவனைக் கொல்லும். முன்னே நடத்துகிறவர்களே, பயத்தைச் சொல்ல இடம்கொடுங்கள்.