கொடையும் தலைமையும்

தலைமை என்னும் சொல்லை மேடையோடும் கொடியோடும் சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். நோயுற்ற ஒருவனுக்கு மருந்து உரிய நாளில் வந்து சேருகின்றதா என்பதும் தலைமை பற்றிய வினாவே என்பது நம் சிந்தைக்கு எளிதில் எட்டுவதில்லை. மூலப்பொருள், தொழிற்சாலை, உரிமப் பத்திரம், கொள்வனவு, கப்பல், களஞ்சியம் ஆகிய படிகள் அனைத்தையும் கடந்தே ஒரு மருந்து கிராமத்து வைத்தியசாலையின் அலுமாரியை அடைகின்றது. ஒவ்வொரு படியிலும் எவரோ ஒருவர் முடிவு செய்கின்றார்: யாருக்கு முதலில், யாருக்குப் பின்னர், என்ன விலைக்கு என்று. உலக மக்களின் நலம் பேணுவோராகத் தம்மைக் கூறிக்கொள்ளும் தலைவர்களுக்கு இங்கு எது அறம்? வறிய நாடுகளுக்கு வாரி வழங்குதலா? அந்நாடுகள் தாமே முடிவு செய்யும் நிலையை அடைய வழிவிடுதலா?

அண்மைக்கால வரலாறு இவ்வினாவை நம் வாசலுக்கே கொணர்ந்தது. கோவிட் தடுப்பூசியை எல்லா நாடுகளுக்கும் பகிர்வதற்கென 2020இல் உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் கோவாக்ஸ் திட்டத்தைத் தொடங்கின. 2021 முடிவதற்குள் 200 கோடி ஊசிகளை வழங்குவது அதன் இலக்கு. நூறாவது கோடி போய்ச் சேர்ந்ததோ 2022 சனவரியில். செல்வ நாடுகள் முன்கூட்டியே பணம் கட்டித் தம் மக்கள்தொகைக்கு வேண்டியதிலும் மிகுதியாக ஒதுக்கிக்கொண்டன. கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது பூனே நகரின் சீரம் நிறுவனத்தை. 2021இன் முற்பகுதியில் தன் நாட்டில் தொற்றுப் பெருகவே, இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. இலங்கையில் முதலாவது ஊசியை ஏற்றிக்கொண்ட இலட்சக்கணக்கானோர் இரண்டாவது ஊசிக்காகக் காத்திருந்தனர். யப்பானின் நன்கொடை வந்த பின்னரே அவர்களுட் பலரின் காத்திருப்பு முடிந்தது.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதுதல் வேண்டும். தடுப்பூசி மீதான புலமைச் சொத்துரிமைகளைத் தற்காலிகமாக நீக்குமாறு 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்திடம் கோரிய இரு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று; மற்றையது தென்னாபிரிக்கா. அக்கோரிக்கை இழுபட்டு, 2022 யூனில் மிகக் குறுகிய வடிவிலேயே முடிவு பெற்றது. நீதி கேட்ட அதே நாடு, நெருக்கடி வந்ததும் வாசலை அடைத்தது. தன் மக்கள் மடிகையில் எந்த அரசும் அவ்வாறே செய்யும் எனலாம். ஆதலின், இது நல்லவர் தீயவர் பற்றிய கதையன்று. தொழிற்சாலை எவர் கையில் உள்ளதோ, வரிசையும் அவர் கையிலேயே இருக்கும். ஈகையுள்ளம் அந்த உண்மையை மாற்றுவதில்லை.

மணிமேகலைக் காப்பியத்து ஆபுத்திரன் கதை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் அவன் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தான். அவன்மீது சினந்த இந்திரன் செய்ததென்ன? வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழை பெய்வித்தான். நிலம் விளைந்தது, பாத்திரத்தை நாடி வருவார் இல்லாது போயினர். ஆபுத்திரனோ இரப்போரைத் தேடி அலைந்தான். இந்திரனின் எண்ணம் தீயதாயினும், மக்களுக்கு வேண்டியிருந்தது மழையே. கொடுப்பவன் துயருறும் அந்த நாள், பெறுபவன் விடுதலை பெறும் நாள். அந்நாளை விரைவுபடுத்துவோனையே தலைவன் என்போம். அதைக் கண்டு அஞ்சுபவன் எத்துணைப் பெரிய கொடையாளியாயினும் தலைவனல்லன்.

அத்தகைய தலைமைக்கு நம் நாடே ஒரு சான்றைத் தந்தது. மருந்தியற் பேராசிரியரும் சமசமாஜக் கட்சியினருமான சேனக பிபிலே, பொதுவுடைமைக் கட்சித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் மருந்துக் கொள்கை அறிக்கையொன்றை அளித்தார். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. பிபிலே அதன் முதற்றலைவரானார். சந்தையிலிருந்த சுமார் 2100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர்களின் இடத்தில் பொதுப்பெயர்கள் வந்தன. உலகளாவிய கேள்விப்பத்திரம் வாயிலாக நாடு முழுவதற்கும் ஒருங்கே கொள்வனவு செய்யப்பட்டது. பிபிலே எவருக்கும் எதனையும் தானமாக வழங்கவில்லை. சிதறிக் கிடந்த வாங்குவோரை ஒருவராக்கினார். விற்போர் பேரம் பேச வேண்டியவராயினர்.

எதிர்ப்பும் உடனெழுந்தது. கூட்டுத்தாபனம் வேறொரு கம்பனியிடம் மலிவாக வாங்கிய ரெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொண்டு குளிகை செய்யப் பைசர் நிறுவனத்தின் இலங்கைத் தொழிற்சாலை மறுத்தது. 1974இல் வாந்திபேதி பரவியபோதும் அம்மறுப்பு நீடித்தது. 1977இல் ஆட்சி மாறியபின் தனியார் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இக்கொள்கையைப் பிற வளர்முக நாடுகளுக்கு எடுத்துச் செல்லும் ஐ.நா. பணியில் இருந்த பிபிலே, அவ்வாண்டு செப்டெம்பரில் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதலாவது பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

ஆராய்ச்சிச் செலவை இலாபம் இன்றி எவர் ஏற்பர் என்று வினவுவோர் உளர். பெரியம்மை ஒழிப்பு அவர்களுக்கு விடை கூறும். 1958இல் சோவியத்து ஒன்றியம் அதனை முன்மொழிந்து தடுப்பு மருந்தைப் பெருமளவில் வழங்கியது. பின்னர் அமெரிக்கரும் உடன் உழைத்தனர். வறிய நாடுகள் பலவும் தாமே அம்மருந்தை ஆக்கக் கற்றுக்கொண்டன. 1980இல் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பகிரப்பட்ட அறிவு எதனையும் இழக்கவில்லை.

மற்றொரு தடை இன்னும் வலியது. முடிவு செய்யும் உரிமை நம் கைக்கு வந்தால் மட்டும் போதுமா? கேள்விப்பத்திரத்தில் ஊழல் புகலாம். தரமற்ற மருந்தும் வரலாம். உண்மையே. எனவேதான் அவ்வுரிமை ஓர் அமைச்சரின் மேசைக்குள் அடைபடலாகாது. விலையும் பட்டியலும் தரச் சோதனையும் மக்கள் அறியக் கிடத்தல் வேண்டும். அந்நியத் தரகனின் இடத்தில் உள்ளூர்த் தரகனை இருத்துதல் விடுதலையாகாது. மேலும், 2022இல் அந்நியச் செலாவணி வற்றி நம் வைத்தியசாலைகளில் மருந்து அருகியபோது, வெளிநாட்டு உதவியே பலரின் உயிர் காத்தது. பசித்தவனை நோக்கி, மழை வரும்வரை பொறு என்று கூறுதல் அறமன்று. கொடை வேண்டும். ஆயின், கொடுக்கும் கை அத்தோடு தன் கடன் தீர்ந்ததென எண்ணலாகாது. பெறும் நாமும் நன்றி கூறியதோடு அமைந்துவிடலாகாது.

தலைவர்கள் எத்தனை பெட்டி மருந்து அனுப்பினர் என்று கணக்கிடுவது எளிது. அடுத்த கொள்ளைநோய் வருகையில் எத்தனை நாடுகள் கையேந்தாது நிற்கும் என்று கேட்பது கடினம். மாணவர்க்கு நாம் கற்பிக்க வேண்டியது இந்தக் கடினமான கணக்கையே.