வாக்கும் விசுவாசமும்

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் இரு பொருள் தாங்கி நிற்கிறது. ஒருவருக்குக் கொடுத்த சொல்லும் வாக்கு. தேர்தலில் அளிப்பதும் வாக்கு. சொன்ன சொல் தவறாதவனை மெச்சும் சமுதாயம், கட்சி மாறி வாக்களிப்பவனைச் சொல் தவறியவனாகக் காண்பதில் வியப்பில்லை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றுதானா? ஒரு கட்சிக்கு ஒருமுறை அளித்த வாக்கு, ஆயுள் முழுவதற்கும் செய்த சத்தியமாகிவிடுமா?

இவ்வினா எமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1960இல் நடந்த ஓர் ஆய்வில், தம் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் மணம் செய்வதை விரும்பாதோர் இரு பெருங் கட்சிகளிலும் நூற்றுக்கு ஐவர் அளவினரே. 2010இல் அவ்வாறு கூறியோர் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய அரைவாசி. சனநாயகக் கட்சியினரில் மூன்றிலொரு பங்கு. சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் யாழ்ப்பாணத்தவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. அங்கே கட்சி சாதியாகி வருகிறது. பல்லாண்டு சுதந்திர வர்த்தகத்தைப் போற்றிய குடியரசுக் கட்சி, 2016இல் டிரம்ப்பின் தலைமையில் இறக்குமதி வரியைப் போற்றத் தொடங்கிற்று. அதன் ஆதரவாளர் பலரும் கூடவே திரும்பினர். கருத்துக்காகக் கட்சி என்பது போய், கட்சிக்காகக் கருத்து என்றாயிற்று.

இதே நிலையை எமது தீவகத்திலும் காணலாம். ஊர்காவற்றுறைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக 1963 முதல் இருந்தவர் வ. நவரத்தினம். தமிழரசுக் கட்சியின் முன்னணிச் சிந்தனையாளருள் ஒருவரான அவர், 1968இல் அதிலிருந்து பிரிந்து தமிழர் சுயாட்சிக் கழகத்தை அமைத்தார். சமஷ்டிக் கோரிக்கை போதாது, தமிழர் தம்மைத் தாமே ஆளவேண்டும் என்பது அவர் வாதம். 1970இல் தொகுதி அவரைக் கைவிட்டு, தமிழரசுக் கட்சி நிறுத்திய பண்டிதர் கா. பொ. இரத்தினத்தைத் தெரிவு செய்தது. ஏழே ஆண்டுகள் சென்றன. தமிழர் விடுதலைக் கூட்டணி, 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின்படி தனியரசுக்கு ஆணை கேட்டது. 1977இல் அதே தொகுதி, அதே இரத்தினத்தை மீண்டும் அனுப்பிற்று. நவரத்தினத்தின் வாயிலிருந்து வந்தபோது ஏற்கப்படாத பேச்சு, கட்சியின் வாயிலிருந்து வந்தபோது ஏற்கப்பட்டது.

இடையில் காலம் மாறிற்று என்பர், உண்மையே. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பும், பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் பலர் மனத்தை மாற்றின. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியான நாள்முதல் ஒடுக்கப்பட்ட ஒரு சிறுபான்மைக்கு, ஒன்றுபட்டு வாக்களிப்பது கேடயமாயிருந்தது. அதைப் பேதைமை என்று எள்ளுவோர் வரலாறு அறியாதார். ஆயினும் கேடயத்தைத் தாங்கிய கை எதையெல்லாம் கீழே வைக்க நேர்ந்தது என்பதையும் கேட்டே ஆகவேண்டும். நிலமற்றவனின் கூலியும், தீண்டாமையும், நன்னீர்க் கிணற்றில் எவர் அள்ளலாம் என்பதும் ‘ஒற்றுமை குலையும்’ என்ற ஒரே சொல்லால் ஒத்திவைக்கப்பட்டன. ஒற்றுமையின் விலையைச் செலுத்தியவர் பெரும்பாலும் அடித்தட்டினரே.

விசுவாசத்துக்கு வேறொரு வடிவமும் உண்டு. 1994ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது குடாநாடு விடுதலைப் புலிகளின் பிடியிலும், தீவகம் அரச படைகளின் பிடியிலும் இருந்தன. ஏறக்குறைய ஆறு இலட்சம் வாக்காளர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில், பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளைப் பெற்று, சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி பத்து ஆசனங்களில் ஒன்பதைக் கைப்பற்றியது. அவ்வாக்குகளிற் பெரும்பாலானவை தீவகத்தவை. துப்பாக்கிக்கு நடுவே, உணவுக்கும் போக்குவரத்துக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருந்த மக்கள் அளித்த வாக்கு அது. செய்ந்நன்றி மறவாமை எமது பண்பு. ஆனால் பொதுப்பணத்தில் வந்த அரிசிக்கும், போட்ட வீதிக்கும் தனியொருவருக்கு ஏன் நன்றிக்கடன் பட வேண்டும்? குடிமகனின் உரிமையைக் கொடையாக மாற்றிக் காட்டுவதே ஆள்வோரின் பழைய தந்திரம்.

எந்த விசுவாசமும் அசையாததன்று. 2024 நவம்பரில் அதே மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. தென்னிலங்கையில் வேரூன்றிய ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் பெற்றது. முப்பது ஆண்டு தொடர்ந்து உறுப்பினராயிருந்த டக்ளஸ் தேவானந்தா தம் ஆசனத்தை இழந்தார். இதை விடிவு என்று கொண்டாடவும், துரோகம் என்று தூற்றவும் ஆள் உண்டு. இருசாராரும் ஒரே பிழையையே செய்கின்றனர். வாக்கை மீளாச் சத்தியமாகக் கொள்கின்றனர். புதியவருக்கு அளித்த வாக்கும் அடுத்த தேர்தலில் கணக்குக் கேட்பதற்கே உரியது.

நெடுந்தீவில் நோயுற்ற ஒருவர் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய, படகும் வேண்டும், கடலும் இணங்க வேண்டும். நயினாதீவின் அம்மன் கோயிலுக்குச் செல்வோரும், நாகவிகாரைக்குச் செல்வோரும் அதே துறையிலேதான் படகேறுகின்றனர். அவர்களது தேவையில் கட்சி வேற்றுமை இல்லை. என்ன செய்தாலும் இவர் எமக்கே வாக்களிப்பர் என்று ஒரு கட்சி அறிந்துவிட்டால், அந்தப் படகைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும்?

ஆகவே விசுவாசம் வேண்டாம் என்பதன்று எமது கூற்று. அது யாருக்கு உரியது என்பதே கேள்வி. ஒரே கிணற்றில் நீரள்ளி, ஒரே படகில் அலைபடும் அயலவருக்கே நாம் வாக்குத் தவறாதிருக்கக் கடமைப்பட்டுள்ளோம். அக்கடமையை நிறைவேற்றக் கட்சி ஒரு கருவி. உதவாத கருவியை மாற்றுவது துரோகமாகாது. வகுப்பறையில் வாக்குரிமையைக் கற்பிக்கும் ஆசிரியர், வாக்களிக்கும் முறையோடு நின்றுவிடாமல், அதை மறுக்கும் துணிவையும் கற்பிப்பாராக.