குடியால் உடைந்த குடும்பமும் கிறிஸ்தவ மன்னிப்பும்



பிறர் குற்றத்தை நாம் பொறுப்பதுபோல நம் குற்றத்தையும் பொறுக்கும்படி பரலோக மந்திரத்தில் நாள்தோறும் மன்றாடுகிறோம். அந்த இடம் வந்ததும் நாவு தடுமாறி நின்றுவிடுகிற வீடுகள் நம் நடுவே உண்டு. குடிகாரனுடைய வீடு அவற்றில் ஒன்று. கூலிப்பணம் கடையிலே கரைகிறது. தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. தகப்பன் வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்ளுகிறார்கள். அந்த வீட்டுப் பெண், "நான் இவரை மன்னித்தே தீரவேண்டுமா? மன்னித்தால் மறுபடியும் கூடி வாழவும் வேண்டுமா?" என்று கேட்டால் நாம் என்ன சொல்லுவோம்?

"பொறுத்துக்கொள் அம்மா, அதுதான் உன் சிலுவை" என்று சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அவள் கேட்டவை இரண்டு கேள்விகள். நாமோ இரண்டையும் ஒன்றாக்கி ஒரே பதிலைச் சொல்லிவிடுகிறோம். அதனால் வருகிற கேடு கொஞ்சமல்ல.

முதற் கேள்விக்குச் சுவிசேஷத்தின் பதில் தெளிவானது: மன்னிக்கவேண்டும். எத்தனை முறை என்று கேட்ட அர்ச். இராயப்பருக்குச் சேசுநாதர் எழுபது முறை ஏழு என்று கணக்கற்ற கணக்கைச் சொன்னார். ஆனால் மன்னிப்பு என்பது என்ன? பழிவாங்க நினையாதிருப்பது, அவன் கெட்டுப்போகட்டும் என்று ஆசியாமல் அவன் ஆத்துமம் ஈடேற வேண்டுமென்று வேண்டிக்கொள்வது: இதுவே மன்னிப்பு. இது மனத்தின் தீர்மானம். நெஞ்சு இன்னும் எரிகிறதே, அழுகை இன்னும் நிற்கவில்லையே, ஆகையால் நான் மன்னிக்கவில்லையோ என்று ஒரு பெண் கலங்கவேண்டாம். காயம் ஆற நாளாகும். தீர்மானத்தை இன்றே செய்யலாம். அதற்கு அவன் வந்து கேட்கவேண்டும் என்பதுமில்லை. சிலுவையிலே தொங்கின நம் ஆண்டவர், மன்னிப்புக் கேளாதவர்களுக்காகவும் பிதாவை மன்றாடினார்.

நடந்ததை ஒன்றுமில்லை என்று மழுப்புவது மன்னிப்பாகாது. குற்றம் இல்லாத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது? தவறு செய்த சகோதரனைக் கண்டிக்கவும், அவன் மனந்திரும்பினால் மன்னிக்கவும் அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தில் ஆண்டவர் ஒரே மூச்சில் கற்பிக்கிறார். கண்டிப்பும் இரக்கமும் ஒரே அன்பிலிருந்து பிறந்தவை.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மன்னிக்க ஒருவர் போதும்; ஒப்புரவாக இருவர் வேண்டும். ஆதி ஆகமத்தில் சூசையின் சரித்திரத்தை நினைத்துப் பாருங்கள். தன்னை விற்றுப்போட்ட சகோதரர் பஞ்சத்தில் எகிப்துக்கு வந்தபோது அவர் அவர்களுக்குத் தானியம் கொடுத்தார். தனியே போய் அழுதார். ஆயினும் உடனே தம்மை வெளிப்படுத்தவில்லை. பெஞ்சமீன் மூட்டையில் வெள்ளிப் பாத்திரத்தை வைக்கச்செய்து சோதித்தார். முன்னே தம்பியை விற்கச் சொன்ன யூதா, இப்போது வேறொரு தம்பிக்காகத் தானே அடிமையாக முன்வந்தான். அப்போதுதான், "நான் சூசை" என்று கட்டித் தழுவினார். வஞ்சம் தீர்க்க அவர் சோதிக்கவில்லை. சகோதரர் மாறினார்களா என்று அறியவே சோதித்தார்.

ஊதாரிப் பிள்ளையின் தகப்பனையும் பாருங்கள். அவர் வழியைப் பார்த்துக் காத்திருந்தார். தூரத்தில் கண்டதும் ஓடினார். ஆனால் பிள்ளை தூரதேசத்தில் செலவழித்துக் கொண்டிருந்தபோது அவர் பின்னாலே பணம் அனுப்பினதாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. குடிக்கிறவனுடைய கடனை ஒவ்வொரு முறையும் ஒளித்து அடைக்கிற தாயும், வேலைத்தலத்தில் "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்லும் மனைவியும் இதைக் கவனிக்கவேண்டும். அவர்கள் செய்வது அன்பினாலேதான். ஆனாலும் அது பிள்ளை வீடு திரும்பும் நாளைத் தள்ளிப்போடுகிறது.

குடி பாவமா, நோயா என்று சிலர் கேட்பார்கள். குடிவெறிக்கு அடிமைப்படுதல் ஒரு நோயென்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-ல் ஏற்றுக்கொண்டது. பழக்கமும் மனநோவும் ஒருவனுடைய சுயாதீனத்தைக் குறைக்கும், அந்த அளவுக்குக் குற்றத்தின் பொறுப்பும் குறையும் என்று திருச்சபையும் போதிக்கிறது. ஆனால் நீரிழிவு வந்தது ஒருவன் குற்றமல்ல என்றாலும், மருந்து சாப்பிடுவது அவன் கடமையல்லவா? நோயென்று அறிந்தவனுக்குச் சிகிச்சை தேடும் கடமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. நெடுநாள் அளவுமீறிக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் வீட்டிலே அடைத்து வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். குடியை வெறுக்கச்செய்யும் மாத்திரையை அவனுக்குத் தெரியாமல் உணவில் கலப்பதும் ஆபத்தானதே.

சரி, ஒப்புரவு எப்படி நடக்கும்? புது வழி தேடவேண்டியதில்லை. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்தும் ஞானோபதேசத்தில் நாம் சிறுவயதிலேயே படித்தவையே. அவையே இங்கும் படிகள்.

ஆத்தும சோதனை: யாருக்கு என்ன கெடுதி செய்தேன் என்று அவன் உட்கார்ந்து எண்ணவேண்டும். மனஸ்தாபம்: மாட்டிக்கொண்டோமே என்றல்ல, நோகச்செய்தோமே என்று வருந்தவேண்டும். பிரதிக்கினை: "இனிக் குடியேன்" என்னும் வார்த்தை போதாது, பாவ சந்தர்ப்பங்களை விலக்கவேண்டும். பழைய கூட்டாளிகள், கடை இருக்கும் தெரு, சம்பள நாள் மாலை: இவற்றை விலக்காத பிரதிக்கினை நீர்மேல் எழுத்து. சங்கீர்த்தனம்: குருவானவரிடம் சொன்னதோடு நில்லாமல், மனைவியிடமும் சாக்குச் சொல்லாமல் ஒத்துக்கொள்ளவேண்டும். கடைசியாக அபராதம்: பறித்ததைத் திருப்ப வேண்டும். சக்கேயு நாலு மடங்கு கொடுத்தானே.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் டப்ளின் நகரத்துக் கூலியாளர் மாட் டால்பட். 1856-ல் பிறந்த இவர், பன்னிரண்டு வயதில் மதுக்கடை வேலைக்குப் போய்க் குடிக்கக் கற்றார். தெருவில் பிடில் வாசிக்கும் ஏழையின் பிடிலைக்கூடத் திருடிக் குடித்தார். 1884-ல் குடியை விட்டார். முதலில் மூன்று மாதத்துக்குத்தான் பிரதிக்கினை செய்தார். பிறகு பழைய கடன்களை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்தார். பிடில்காரரைத் தேடியும் காணாமல், அவர் ஆத்துமத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் செய்தார். 1925-ல் பூசைக்குப் போகும் வழியில் தெருவிலே விழுந்து மரித்தார். 1975-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. அவர் விவாகம் செய்தவரல்ல; ஆனால் விவாகமானவர்கள் அவரிடம் கற்கவேண்டியது உண்டு. மூன்று மாதத்தில் தொடங்கினது நாற்பது ஆண்டு நிலைத்தது.

இங்கே கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. "பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், சர்வேசுரனே மன்னித்துவிட்டார், நீ ஏன் நம்பவில்லை?" என்று மனைவியை அதட்டாதீர்கள். சர்வேசுரன் இருதயத்தைப் பார்க்கிறார். மனைவியோ நாட்களைத்தான் பார்க்க முடியும். மன்னிப்பு தானம், நம்பிக்கையோ சம்பாதிக்கவேண்டிய கூலி. பிள்ளைகளுக்கும் அவகாசம் கொடுங்கள். மறுபடி விழுந்தால் ஒளிக்காமல் எழுந்து வாருங்கள். மனைவியும் மறுபடி மன்னிக்கட்டும். ஆனால் பணப்பெட்டியின் சாவியையும் அன்றைக்கே திருப்பித் தரவேண்டும் என்று எந்தக் கற்பனையும் சொல்லவில்லை.

அடியும் உதையும் உள்ள வீட்டில் என்ன செய்வது? மெய்விவாகத்தின் பந்தனம் மரணமட்டும் அவிழாதது. ஆனால் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆத்துமத்திலாகிலும் சரீரத்திலாகிலும் பாரதூரமான ஆபத்தை விளைவித்தால், மேற்றிராணியாரின் தீர்ப்பின்படி பிரிந்து வாழலாம். தாமதிப்பது ஆபத்தானால் தாமாகவே பிரியலாம் என்று 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1153-ம் பிரிவு சொல்லுகிறது. 1917-ம் ஆண்டின் பழைய சட்டமும் ஏறக்குறைய இப்படியே சொன்னது. காரணம் நீங்கினால் பொதுவாக மறுபடியும் கூடி வாழவேண்டும் என்பதும் அதே சட்டம். பாப்பரசர் பிரான்சிஸ் 2016-ல் குடும்பத்தைப் பற்றி எழுதிய நிருபத்தில், பலவீனரையும் குழந்தைகளையும் காக்கப் பிரிவு சில வேளை நீதியின்படி அவசியமே என்றார். ஆகையால் பிள்ளைகளோடு தாய்வீடு போனவளைப் பார்த்து, "மன்னிக்கத் தெரியாதவள்" என்று எவரும் சொல்லவேண்டாம். அவள் அங்கேயிருந்தே அவனுக்காகச் செபமாலை சொல்லக்கூடும். குடும்ப வன்முறைக்கு எதிரான 2005-ம் ஆண்டுச் சட்டமும், 181 என்ற உதவி எண்ணும் அவளுக்கு உண்டு.

மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. அவர் குடியை விட்ட பிறகே சில பெண்களுக்குக் கோபம் பொங்குகிறது. பயந்து அடக்கி வைத்ததெல்லாம் பயம் நீங்கினதும் வெளிவருகிறது. அது இயல்பே. ஆனால் ஒவ்வொரு சண்டையிலும் பழைய கணக்கை அவிழ்ப்பது, ஆறுகிற புண்ணைக் கீறுவதற்குச் சமம். 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியை விட்ட இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் நம் நாட்டிலும் பல ஊர்களில் கூடுகிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951-ல் தொடங்கிய ஆல்-அனான் என்னும் கூட்டமும் உண்டு. வெட்கப்படாமல் இவற்றை நாடலாம்.

பங்கு மக்களாகிய நமக்கும் கடமை உண்டு. நம் வீட்டுக் கலியாணத்திலும் திருவிழாவிலும் ஒருவனுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவன் மனைவிக்குப் பொறுமையைப் போதிப்பது எந்த நியாயம்? குடியை விட்டவன் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றால், அவனை முறைத்துப் பார்க்காமல் பக்கத்தில் இடம் விடுவோம். அவன் மனைவி இன்னும் தனியே வந்தால், ஏன் என்று துருவாமல் அவளுக்கும் இடம் விடுவோம். இருவரும் ஒரே வரிசைக்கு வரும் நாள் சர்வேசுரனுடைய கையில் இருக்கிறது. அந்த நாள் சீக்கிரம் வரும்படி இந்த வாரம் நம் குடும்பச் செபத்தில் ஒரு அருள் நிறைந்த மந்திரம் அவர்களுக்காகச் சொல்லுவோம்.