கையில் ஒரு கண்ணி

கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷாவில், ஒரு கண்ணி போட்டு முடித்ததும் ஊசியில் மிஞ்சுவது ஒரே ஒரு கண்ணிதான். இரட்டை ஊசியில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு ஒரு வரிசைக் கண்ணி முழுக்க ஊசியில் தொங்கும். நடுவில் ஊசி உருவிக்கொண்டால் பத்து இருபது கண்ணி சேர்ந்து நழுவிவிடும். இங்கே அந்தப் பயம் இல்லை. குக்கர் விசில் அடித்தால் கண்ணியைக் கொஞ்சம் பெரிதாக இழுத்துவிட்டு, ஊசியை எடுத்துப் பையில் போட்டுவிட்டு எழுந்து போகலாம். மூன்று நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே காத்திருக்கும்.

இந்தக் கைவேலை ஆயுசு முழுக்க ஒருவரிடம் தங்குவதற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது. பாட்டுக்குச் சாதகம் வேண்டும், சாதகத்துக்குக் கலையாத ஒரு மணி நேரம் வேண்டும். கோலத்துக்குக் கூட ஒரே மூச்சு வேண்டும். வீட்டுப் பெண்ணுக்குக் கிடைப்பதெல்லாம் உதிரி நேரம். பால் காய்கிற வரை, கேஸ்காரர் வருகிற வரை, டாக்டர் கூப்பிடுகிற வரை. குரோஷா அந்த உதிரி நேரத்தை மட்டுமே கேட்கிறது.

*

காலை வெளிச்சம் நூலுக்கு நல்லது. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டுப் பால்கனியில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கிடைக்கும் அரை மணி நேரம், பகல் முழுவதற்கும் சமம். எதிர் பிளாக்கில் யாரோ துணி உலர்த்துகிறார்கள். கீழே கீரைக்காரம்மா குரல். கண் நூலில் இருந்தால் காது ஊரில் இருக்கிறது.

நூலுக்கு எண் கூடக் கூட மெல்லிசாகும். 20ஆம் எண் நூல் கைக்கு அடக்கமானது. 40ஆம் எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் பருமன் உள்ள எஃகு ஊசி வேண்டும், ட்யூப்லைட்டில் அது கண்ணைக் கரிக்கும். சென்னைக்குப் பருத்தி நூல்தான் சரி. மே மாதத்தில் கம்பளி நூலைத் தொட்டால் விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். பருத்தி நூலே கூட வியர்த்த கையில் இழுக்க இழுக்கக் கீச்சிடும். விரல் நுனியில் கொஞ்சம் பவுடர் தடவிக்கொண்டால் நூல் ஓடும், ஊசியும் வழுக்காது.

பெரும்பாலான கடைகளில் கையில் எடுத்துத் தருவது ஆங்கர் நூல்கண்டு. இங்கே அதை விற்பது மதுரா கோட்ஸ். மதுரை மில்லும் ஜே. அண்ட் பி. கோட்ஸ் நிறுவனமும் 1974இல் சேர்ந்த கம்பெனி அது. மதுரை மில்லைத் தொடங்கிய ஹார்வி சகோதரர்களுடையதுதான் தூத்துக்குடி கோரல் மில்லும். 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களோடு நின்ற அந்த வேலைநிறுத்தம் நடந்த மில். என் விரலில் சுற்றியிருக்கும் வெள்ளை நூலுக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு என்று தெரிந்தபோது, கண்டை ஒரு நிமிஷம் சும்மா கையில் வைத்திருந்தேன்.

*

பறக்கும் ரயில் கிரீன்வேஸ் சாலையை விட்டு அடையாற்றைத் தாண்டும்போது நான் பின்னுவதில்லை. ஆற்றைப் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் கை நிற்காது.

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ரொம்ப நேரம் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஆன்ட்டி, இது என்ன பேட்டர்ன்? வீடியோ பார்த்துப் போடறீங்களா?”

“இல்லம்மா, கை போற போக்குல போடறேன்.”

“நானும் போடுவேன் ஆன்ட்டி” என்று தோள்பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பச்சை ஆமை. ஜப்பான்காரர்கள் அமிகுருமி என்று சொல்கிற வகை. ஓடு, கழுத்து, நான்கு கால், எல்லாம் நெருக்கமான குட்டைக் கண்ணியில். எங்கேயும் பஞ்சு வெளியே தெரியவில்லை. அதுதான் தேர்ந்த கை. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஓட்டின் உச்சியில் ஆரம்ப வட்டம் இழுத்து மூடியிருந்தது. அதைச் சுற்றி முதல் சுற்றில் 6 கண்ணி. அடுத்ததில் 12. அப்புறம் 18, 24, 30. என் டீப்பாய் விரிப்பின் நடுவிலும் இதே கணக்குதான்.

இந்த ஆறு என்கிற கணக்கு எனக்கு அலுப்பதே இல்லை. குட்டைக் கண்ணி ஏறத்தாழ எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம். ஒரு சுற்று வெளியே போனால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. அப்போது சுற்றளவு அதைப்போல் இரண்டு பை (π) மடங்கு, அதாவது ஆறேகால் கண்ணி கூட வேண்டும். கையால் கால் கண்ணி போட முடியாது, ஆறு போடுகிறோம். விரிப்பு தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. ஆறுக்குக் குறைத்தால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகும். கூட்டுவதை அடியோடு நிறுத்தினால் குழாய்போல் நேராக ஏறும். குழந்தைத் தொப்பி அப்படித்தான் வருகிறது. ஆறுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் ஓரம் நெளியத் தொடங்கும், சுற்றுக்குச் சுற்று நெளிவு பெருகி, கோழிக்கொண்டைப் பூ மாதிரி மடிந்துகொள்ளும்.

அந்த நெளிவுக்கு ஒரு கணிதம் இருக்கிறது. ஹைபர்போலிக் தளம் என்பார்கள். காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கை பட்டால் கிழிந்துவிடும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியக் கணிதப் பேராசிரியை குரோஷா ஊசியை எடுத்து அதைப் பின்னிக் காட்டினார். மாணவர்கள் தொட்டு, மடித்து, இழுத்துப் பார்க்கிற மாதிரி. 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் அதே முறையில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். நிஜப் பவளங்கள் வெளுத்துச் சாகிற கவலையில் தொடங்கிய அந்த வேலைக்குள் பல நாட்டுப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்ல நேரமில்லை. கஸ்தூரிபா நகர் வந்ததும் இறங்கிவிட்டாள்.

*

2015 டிசம்பர் முதல் வாரம் கோட்டூர்புரத்தில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கத்துத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து அடையாறு வீட்டுக்குள் வந்தது. தரைத்தள வீடுகள் முழுகின. மொட்டை மாடியில் ராத்திரியைக் கழித்தவர்கள் உண்டு. நனைந்த பாய், தலையணை, போர்வையெல்லாம் தெருவோரம் மலையாகக் குவிந்து பல நாள் கிடந்தன.

அடுத்த மாதக் கடைசி நாள், 2016 ஜனவரி 31 அன்று, இதே சென்னையில், அதுவரை உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வையை விரித்தார்கள். சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவின் வேலை. பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னிய சதுரங்களை ஒன்றாக இணைத்தார்கள். 11,148.5 சதுர மீட்டர் என்று கின்னஸ் அளந்து பதிவு செய்தது. ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர் போர்வை. அந்தக் குழு பிறகு 14 கிலோமீட்டரைத் தாண்டும் கழுத்துத் துண்டும், 2018இல் 58,917 சிறு உருவங்களின் காட்சியும் வைத்துச் சாதனை செய்தது.

சாதனைகளில் எனக்குப் பெரிய ஈர்ப்பு இல்லை. ஆனாலும் அந்த இரண்டே முக்கால் ஏக்கரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அதில் ஒவ்வொரு சதுரமும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு அடுப்பு எரிகிற நேரத்தில் போட்டது. ஊரே ஈரத்தில் ஊறிக் கிடந்த மாதங்களிலும் கை நிற்காமல் போட்டது.

*

பழைய குல்லாய் ஒன்றைப் பிரிக்கிறேன். பேத்திக்குத் தலை பெரிதாகிவிட்டது. கடைசி முடிச்சை மட்டும் கண்டுபிடித்தால் போதும், மற்றதெல்லாம் தானாகவே வரும். சுற்று சுற்றாகக் குறைந்து, நடுவட்டம் வரை வந்து, ஒரு சின்ன இழுப்பில் ஒன்றுமில்லாமல் போகும். வெட்டி வீணாவது எதுவும் இல்லை. பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும். சிட்டமாகச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, அடியில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் நெளிவு போய்விடும்.

தைத்த ரவிக்கையை இப்படித் திரும்பப் பெற முடியாது. செய்ததை முழுசாகத் திருப்பித் தருகிற வேலைகள் உலகத்தில் கொஞ்சம்தான். வயதாக வயதாக இதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

*

“உங்களுக்கும் பொழுது போகணுமே மாமி, எனக்கும் ஒரு டேபிள் கிளாத் போட்டுத் தாங்களேன். நூல் காசு தந்துடறேன்.”

அன்பாகத்தான் கேட்கிறார்கள். பிடித்தவர்களுக்குப் போட்டுக் கொடுப்பேன், அதில் காசுப் பேச்சே வராது. ஆனால் ‘நூல் காசு’ என்ற கணக்கு எனக்குப் பிடிக்காது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

மேற்கு கோதாவரியில் நரசாபுரம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் அங்கே குரோஷா லேஸைக் கற்றுக்கொடுத்தார்கள். நம் பக்கம் அதற்கும் முன்பே, 1820களில், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் பள்ளி நடத்தினார். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்த வேலையை அங்கும் கொண்டுபோனார். அது திண்டில் ஊசி குத்தி, மரக்கட்டைகளில் நூல் சுற்றி, கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வகை, சாமான் நிறைய வேண்டும். குரோஷாவுக்கு ஒரு கொக்கி ஊசியும் நூலும் போதும். 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்துக் குடிசைகளுக்குள் அது அவ்வளவு வேகமாகப் பரவியதும் அதனால்தான். வேறு எதுவும் இல்லாதவர்களிடமும் ஓர் ஊசி இருக்க முடிந்தது.

நரசாபுரத்தைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் லேஸ் போட்ட பெண்களை, வியாபாரிகளும் குடும்பத்தாரும் அரசுக் கணக்கும் ‘சும்மா இருக்கிற நேரத்தில் ஏதோ பின்னுகிற வீட்டுப் பெண்கள்’ என்றே சொன்னதைக் காட்டினார். அப்படிச் சொன்னதாலேயே கூலியைக் கீழே வைக்க முடிந்தது. பெண் விவசாயத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைக் கூட அது எட்டவில்லை. அவர்கள் போட்ட லேஸ் கப்பலேறி ஐரோப்பிய மேஜைகளுக்குப் போயிற்று. 2024இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குக் காப்பு வந்த மாதிரி கூலிக்கும் வர வேண்டும்.

குரோஷாவை அப்படியே பின்னித் தள்ளுகிற இயந்திரம் இன்றும் தொழிற்சாலைகளில் வழக்கத்தில் இல்லை. மெஷினில் வருவது பார்வைக்குக் கிட்டத்தட்ட அப்படி இருக்கிற வேறு பின்னல். ஆக, கடையில் மலிவு விலைக்குத் தொங்குகிற மேல்சட்டை அசல் குரோஷா என்றால், எங்கோ ஒருத்தி கண்ணி கண்ணியாக அதைக் கையால் போட்டிருக்கிறாள். எனக்கு இது இன்பம் என்பதைச் சாக்காக வைத்து அவளுக்கு விலை குறைக்கக் கூடாது. அதனால்தான் நான் விற்பதில்லை. நூல் காசுக்கு விற்றால், அதையே பிழைப்பாகக் கொண்டவளின் விலையை நான் இறக்குகிறேன்.

*

ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரோஷா போடுகிறவர்களைக் கேட்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். 87 நாடுகளிலிருந்து 8,000க்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பேர், போடும்போது மனசு அமைதியாகிறது என்றார்கள். பிடித்துப் போடுகிறவர்களைத்தானே கேட்டிருக்கிறார்கள், வேறென்ன சொல்வார்கள் என்றும் தோன்றுகிறது. ஆனாலும் பொய்யில்லை. எண்ண வேண்டிய வேலை என்பதால் மனசில் வேறு எண்ணிக்கைகளுக்கு இடம் இருப்பதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இதை நிறையத் தெரிந்துகொண்டேன்.

*

அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முதல் மாடியில் குழந்தைகள் பகுதி. பேத்தி உள்ளே படங்களைப் புரட்டுகிறாள். நான் வெளியே வந்து, படிக்கட்டு ஓரத்தில் பையைத் திறக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் டீ குடிக்க வருகிறார்கள், போகிறார்கள். அவர்களுக்கு ஒரு தேதி இருக்கிறது. என் கையில் இருப்பதற்குத் தேதி இல்லை. ஒரு விரிப்பு ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்து அடுத்த மழைக்காலத்தில் முடிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

*

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. மெல்லிய நூலும் எஃகு ஊசியும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் 4 மில்லிமீட்டர் ஊசி, கொஞ்சம் தடித்த நூல். வெளிர் நிறமாக வாங்குங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. முதல் சில நாள் சங்கிலி மட்டும் போடுங்கள், பிரியுங்கள், திரும்பவும் போடுங்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சங்கிலி ஒரே அளவாக வரத் தொடங்கியதும் ஆறு கண்ணி வட்டம் போடலாம். வீடியோ பார்த்தும் வரும். ஆனால் உங்கள் தெருவிலேயே, உங்கள் பிளாக்கிலேயே, குரோஷா தெரிந்த ஒரு பாட்டியோ அக்காவோ நிச்சயம் இருப்பார். கதவைத் தட்டிக் கேளுங்கள், கட்டாயம் சொல்லித் தருவார்.