யாருக்கு நல்ல அதிகாரி?

நல்ல போலீஸ் அதிகாரி யார் என்ற கேள்விக்குக் காவிரிப் படுகையில் ஒரே பதில் இருந்ததில்லை. கூலித் தகராறு முற்றியிருந்த 1968-இல், மிராசுதாருக்கு நல்லவர் என்றால் வெளியூர் ஆளை வைத்தாவது அறுவடை நிற்காமல் நடக்கக் காவல் தருபவர். கூடுதல் நெல் கேட்ட விவசாயத் தொழிலாளிக்கு நல்லவர், ராத்திரியில் சேரிக்கு வரும் அடியாட்களை மறிப்பவர். அந்த டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் அடியாட்கள் வைத்த தீயில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். காவலர்கள் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு இன்னும் ஆறவில்லை. 'மக்கள் விரும்பும் அதிகாரி' என்று சொல்லும்போது எந்த மக்கள் என்று கேட்டாக வேண்டும். பின்பலம் இல்லாதவர் அவரிடம் எதை எதிர்பார்க்க முடிகிறது என்பதே சரியான உரைகல் என்பது என் துணிபு.

மக்கள் விரும்பும் குணம் வேறு, காவலர்கள் தங்களுக்குள் மதிக்கும் குணம் வேறு என்று நினைக்கலாம். காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களிடம் கேட்டார்கள். சிறு குற்றங்களுக்கு வழக்கு விசாரணையைவிடப் போலீஸே சிறு தண்டனை கொடுப்பது மேல் என்றவர்கள் மூன்றில் ஒருவருக்கும் அதிகம். வருத்தம் என்னவென்றால், ஊரும் இதில் அவர்களோடு ஒத்துப்போகிறது. என்கவுன்டருக்குப் பட்டாசு வெடிப்பதும், லத்தி சுழற்றும் சினிமா அதிகாரிக்குக் கைதட்டுவதும் நாம்தான். அடி விழுவது வேறு யாருக்கோ என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கைதட்டல்.

போலீஸ் மேல் பயம் இல்லாவிட்டால் திருட்டும் மணல் கொள்ளையும் பெருகாதா என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பயம் போய்ச் சேருமிடத்தைப் பாருங்கள். வக்கீலும் கட்சிக்காரரும் உள்ளவனை அது தொடுவதில்லை. புகார் கொடுக்க வந்த நடவுக்காரப் பெண்ணை ஸ்டேஷன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. சாட்சி சொல்ல வேண்டியவரும் அதே பயத்தில்தான் ஒதுங்குகிறார். அப்புறம் குற்றவாளியைப் பிடிப்பது எப்படி?

இன்னொரு மறுப்பு வலுவானது. அதே ஆய்வின்படி காவலர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் உழைக்கிறார். மேலிடத்து உத்தரவை மீறினால் இடமாற்றம். இப்படிப்பட்டவரிடம் அறத்தை எதிர்பார்ப்பது நியாயமா? பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் பணிப் பாதுகாப்புக்கும் அரசியல் தலையீட்டைத் தடுக்கவும் வழிகாட்டியது இதற்காகத்தான். அதை முழு மனதோடு நிறைவேற்றாத அரசுகளுக்கும் காவலரின் தவறில் பங்குண்டு. அதற்காகத் தனிமனிதப் பொறுப்பு கரைந்துவிடாது. 2020-இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் விடிய விடிய அடிக்கப்பட்டதை, அதே நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது. எல்லோரிடமும் அதைக் கேட்கவும் வேண்டாம். வந்த புகாரை வாங்கி, எதிர்த்தரப்பு யாரென்று பார்க்காமல் மனு ரசீது எழுதிக் கொடுக்கும் எழுத்தரிடமும் அதே குணம்தான் சிறிய அளவில் இருக்கிறது. பதவி உயர்வுக் குறிப்பில் அந்த ரசீதுக்கு இன்னும் இடமில்லை.